ஒரு ஜாடித் தண்ணீரின் எடை

விருத்தாசலம் ரயிலடிக்குக் கிழக்கே இருந்த ஒரு பீங்கான் கம்பெனியில் சுப்புராயன் ஆறு வருஷமாகத் தினக்கூலி. ஆறு வருஷமும் ஒரே கொட்டகை, ஒரே தொட்டி. வெள்ளைக் களிமண்ணையும் மாவாக அரைத்த கல்லையும் தண்ணீரில் கரைத்து, அச்சில் ஊற்றுகிற பதத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பது அவன் வேலை. அந்தக் கரைசலைக் கம்பெனியில் ஸ்லிப்பு என்பார்கள். கெட்டித் தயிரில் கொஞ்சம் மோர் விட்டு அடித்தமாதிரி இருக்கும். சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனால் தலை, புருவம், கைமயிர் எல்லாம் வெள்ளை. "சாமியாரு வந்துட்டாரு, தட்டைப் போடு" என்று பெண்சாதி கொளஞ்சியம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

அறுபத்தாறாம் வருஷம் பொங்கல் கழிந்ததும் கம்பெனியில் ஒரு பேச்சு கிளம்பியது. தினக்கூலியில் இருப்பவர்களில் பத்துப் பேரை நிரந்தரம் ஆக்கப்போகிறார்கள். நிரந்தரம் என்றால், மழை நாளில் 'இன்றைக்கு இல்லை, போ' என்று கேட்டிலேயே திருப்பி அனுப்ப முடியாது. காய்ச்சலில் பத்து நாள் படுத்து எழுந்து வந்தால் நம் இடத்தில் இன்னொருத்தன் நின்றுகொண்டிருக்க மாட்டான். சுப்புராயனுக்கு அப்படி இரண்டு தடவை ஆகியிருக்கிறது. இரண்டு தடவையும் மானேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சித்தான் பழைய இடம் கிடைத்தது.

ஸ்லிப்புக் கொட்டகை ஆளுக்கு மட்டும் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். ரிஜிஸ்டரைத் தன் கையால் எழுதவேண்டும். தேதி, எடை, கையெழுத்து. போன வருஷமே இது காதில் விழுந்திருந்ததால் சுப்புராயன் தன் முப்பத்தேழாவது வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டான். சொல்லிக்கொடுத்தது ஸ்டோர் கிளார்க் முகம்மது கனி. அவனைவிட இரண்டு வயது சின்னவர். சாப்பாட்டு நேரத்தில் அரை மணி. சிலேட்டு கிடையாது. ஈரம் காயாத களிமண் பலகை ஒன்றில் ஆணியால் எழுதுவான். தப்பாகப் போனால் ஈரக்கையால் ஒரு தடவு. ஒரு வருஷத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்தது. எண்கள் நன்றாகவே வந்தன. கையெழுத்துப் போடும்போது மட்டும் 'சு' விலிருந்து 'ன்' வருவதற்குள் மூச்சு முட்டும்.

ஸ்லிப்பு பதமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொட்டகையில் ஒரு பித்தளை ஜாடி இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து ஜாடி, பைண்ட் என்கிற இங்கிலீஷ் அளவு பிடிப்பது. அதில் தளும்ப ஸ்லிப்பை ஊற்றி, வாயை ஒரு தகட்டால் வழித்துவிட்டு, தராசில் வைக்கவேண்டும். ஜாடியின் சொந்த எடைக்கு ஈடாக எதிர்த்தட்டில் ஒரு இரும்புத் துண்டு எப்போதும் கிடக்கும். அதற்கு மேல் முப்பத்தைந்து அவுன்ஸ் நின்றால் சரி. அதாவது இரண்டு ராத்தல் மூன்று அவுன்ஸ். கூடினால் கொஞ்சம் தண்ணீர், குறைந்தால் கொஞ்சம் மண். ஆறு வருஷத்தில் அவனுக்குத் தராசே தேவைப்படவில்லை என்றுகூடச் சொல்லலாம். விரலை முக்கி எடுத்தால் நகம் தெரியாமல் மூடி நிற்கவேண்டும், மூன்று சொட்டு விழுந்து நாலாவது சொட்டு தயங்கவேண்டும். ஆனாலும் தினம் எடை போடுவான். ஒருநாளும் தவறவிட்டதில்லை.

மாசி மாதத்தில் எடைக்கல் இன்ஸ்பெக்டர் வந்தார். ஊர் முழுக்கக் கிலோவுக்கு மாறி வருஷங்கள் ஆகியும் கம்பெனிக்குள் இன்னும் ராத்தலும் அவுன்ஸும் வைத்திருக்கிறீர்களே என்று மானேஜரைப் பிடித்துக்கொண்டார். பழைய கற்களைச் சாக்கில் கட்டி ஸ்டோரில் போடச் சொன்னார்கள். முத்திரை குத்திய புதுக் கற்கள் வந்தன. அளக்கிற லிட்டர் ஜாடியும் வரவேண்டும், அது மட்டும் வந்துசேரவில்லை.

பழைய கல்லைச் சாக்கில் போடுவதற்கு முன்னால் சுப்புராயன் ஒரு காரியம் செய்தான். தராசில் ஒரு பக்கம் இரண்டு ராத்தல் கல்லும் மூன்று அவுன்ஸ் கல்லும் வைத்தான். மறுபக்கம் புதுசாக வந்த ஒரு கிலோ கல்லை வைத்தான். கிலோத் தட்டு ஒரு மயிரிழை தாழ்ந்து நின்றது. அவ்வளவுதான். பேனாவும் வேண்டாம், பெருக்கலும் வேண்டாம். இனிமேல் ஜாடி ஸ்லிப்பு ஒரு கிலோ. ஒரு விரல்நுனி குறைந்தால் இன்னும் சரி. ரொம்ப நாளைக்குப் பிறகு அவனுக்குத் தன்மேல் ஒரு மதிப்பு வந்தது.

அதே மாதம் புதுக் கெமிஸ்ட் வந்து சேர்ந்தார். தெய்வநாயகம் என்று பேர், இருபத்தாறு வயது இருக்கும், மடிப்புக் கலையாத சட்டை. மானேஜர் ஆர்டர் விஷயமாக மெட்ராஸ் போயிருந்ததால் பத்து நாளைக்கு அவர்தான் எல்லாம். நிரந்தரம் ஆகவேண்டியவர்களின் பேரை எழுதி அனுப்புகிற பொறுப்பும் அவரிடமே இருந்தது. வந்த இரண்டாம் நாள் கொட்டகைக்குள் நுழைந்தார். கையில் கெட்டி அட்டை போட்ட ஒரு தடித்த புத்தகம், இங்கிலீஷ் புத்தகம். சுவரில் இருந்த கரும்பலகையில் சாக்பீஸால் கணக்குப் போட்டார். ஸ்லிப்பு லிட்டருக்கு 1760 கிராம் இருக்கவேண்டும் என்று கம்பெனி ஃபார்முலா சொல்கிறது. லிட்டர் ஜாடி இல்லை, பைண்ட் ஜாடிதான் இருக்கிறது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்து அட்டவணைப்படி ஒரு பைண்ட் 473 மில்லி. அப்படியானால் ஜாடிக்கு எவ்வளவு? பெருக்கினார், புள்ளி வைத்தார், கீழே இரண்டு கோடு இழுத்தார். 832 கிராம்.

சுப்புராயன் பலகையைப் பார்த்தான். எண்ணூற்று முப்பத்திரண்டு.

"ஐயா, ஒரு கிலோ வரணுங்க" என்றான்.

"யாரு சொன்னா?"

"தராசு சொல்லுதுங்க. பழைய கல்லையும் புதுக் கல்லையும் வச்சுப் பாத்தேன்."

"தராசு எந்தக் காலேஜ்ல படிச்சுது?"

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். தெய்வநாயகம் சிரிக்கவில்லை. இத்தனை நாளும் இங்கே அளவில்லாமல் கெட்டியாகக் கரைத்து மண்ணை வீணாக்கியிருக்கிறார்கள், கேட்பாரில்லை, இனிமேல் கணக்குப்படிதான் எல்லாம் என்றார். அப்புறம் ரிஜிஸ்டரை எடுத்து அவன் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"எழுத முடியாதுன்னா சொல்லிடு. எழுதுற ஆளாப் பாத்துப் போட்டுக்கறேன். லிஸ்டு இன்னும் அனுப்பல."

ஒரு கிலோ நின்ற ஸ்லிப்பில் சுப்புராயன் தண்ணீரைக் கொட்டினான். ஐந்து குடம் ஸ்லிப்புக்கு மூன்று குடம் தண்ணீர் போனது. ஜாடி 832க்கு இறங்கியபோது விரலை முக்கினான். நகம் பளிச்சென்று தெரிந்தது. சொட்டு சொட்டாக விழவில்லை, ஓடியது. ரிஜிஸ்டரில் தேதி எழுதினான். 832 என்று எழுதினான். 'சு' போட்டான். 'ன்' வரைக்கும் போனான்.

அச்சில் ஊற்றுகிற பெண்களுக்கு மேஸ்திரி மாதிரி இருந்தவள் திரௌபதி. நாக்கில் நெருஞ்சி முள். வாளியைத் தூக்கி அச்சில் சரித்தவள் அப்படியே நின்றாள்.

"என்னாண்ணே இது, அரிசி கழுவுன தண்ணியா? மாட்டுக்கு வச்சாக்கூட மூந்து பாத்துட்டுப் போயிடுமே."

ஐயா கணக்கு என்றான் அவன்.

"கணக்கா? அப்ப ஐயாவே வந்து இத அச்சுல ஊத்தட்டும். நாங்க வூட்டுக்குப் போறோம்."

போகவில்லை. போக முடியாது, அவளும் லிஸ்டுக்குக் காத்திருப்பவள்தான். வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அறுபது கைகழுவும் தொட்டி ஊற்றவேண்டியிருந்தது. பிளாஸ்டர் அச்சு தண்ணீரை உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்ச மண் சுவரில் படியும், விரல் கனம் ஏறியதும் மிச்சத்தைக் கவிழ்த்துவிடவேண்டும். வழக்கமாக இரண்டு மணி நேரத்தில் ஆகிற வேலை. அன்றைக்கு ஐந்து மணி நேரம் ஆகியும் கனம் ஏறவில்லை. அச்செல்லாம் குடித்துக் குடித்து ஊறிப்போய், தொட்டால் கை நனைந்தது. கெமிஸ்டிடம் போய்ச் சொன்னபோது இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள் என்றார். விட்டார்கள்.

வேலை முடிந்து எல்லாரும் போனபிறகு சுப்புராயன் ஜாடியைக் கழுவித் தண்ணீர் பிடித்தான். ஏன் அப்படிச் செய்யத் தோன்றியது என்று அவனால் சொல்ல முடியாது. தளும்ப நிரப்பி, வாயை வழித்து, தராசில் வைத்தான். ஐந்நூறு கல் போதவில்லை. ஐம்பது, பத்து, ஐந்து, இரண்டு, ஒன்று. ஐந்நூற்று அறுபத்தெட்டில் முள் நின்றது. கற்களை எடுத்துவிட்டு இன்னொரு தடவை போட்டான். அதே 568.

கனி ஸ்டோரைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் போய்க் கேட்டான்: தண்ணீர் மில்லிக்கு எத்தனை கிராம்?

"ஒரு மில்லிக்கு ஒரு கிராம். ஏன்?"

"அப்ப நம்ம ஜாடி ஐநூத்தி அறுபத்தெட்டு மில்லி புடிக்குது பாய். ஐயா பலகையில நானூத்தி எழுவத்தி மூணுன்னு எழுதி வச்சிருக்காரு."

கனி பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். படித்தவர், உடனே புரிந்துவிட்டது. ஜாடி ஒன்று, புத்தகம் சொல்கிற ஜாடி வேறொன்று. காலையில் முதல் வேலையாக இதைக் கெமிஸ்டிடம் சொல்லிவிடச் சொன்னார். அவர் கண்ணெதிரே தண்ணீரை எடை போட்டுக் காட்டு, கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும் என்றார். அதுவும் முடியாவிட்டால் ரிஜிஸ்டரில் எடைக்குப் பக்கத்தில் 'ஐயா சொன்னபடி' என்று இரண்டு வார்த்தையாவது எழுது என்றார்.

"எழுதத் தெரியும்ல?"

தெரியும் என்றான்.

காலையில் சொல்லவில்லை. சொல்லத்தான் போனான். தெய்வநாயகம் மேஜையில் பேர் லிஸ்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைகீழாக இருந்தாலும் அவனுக்குத் தன் பேரின் முதல் எழுத்து தெரிந்தது, ஆறாவது வரியில். அவர் நிமிர்ந்து என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, மண் மூட்டை வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். காலேஜில் படித்த மனுஷனை ஒரு தினக்கூலி தண்ணீரை வைத்து அவமானப்படுத்தினால் அந்த ஆறாவது வரி என்ன ஆகும்? ரிஜிஸ்டரிலும் அந்த இரண்டு வார்த்தையை எழுதவில்லை. கட்டம் சின்னது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அன்றைக்கும் 832. மறுநாளும் 832. மூன்று கையெழுத்து, மூன்றும் ஒன்றைவிட ஒன்று திருத்தமாக வந்திருந்தது.

அறுபது தொட்டியில் முப்பத்தேழு, அச்சை விட்டு எடுக்கும்போதே மூலையில் வாய் பிளந்தன. காயவைத்ததில் இன்னும் பதினெட்டு. மிச்சம் ஐந்து சூளைக்குப் போயின. அவையும் வெந்து வெளியே வந்தபோது ஒருபக்கம் தொய்ந்துபோய், தண்ணீர் ஊற்றினால் சுவர்ப்பக்கமாக ஓடுகிற மாதிரி இருந்தன. அச்சுகளும் பாழ். திரௌபதி உடைசல்களை வெளியே குவித்துவிட்டு அதன் மேல் துப்பினாள். யாரை நினைத்துத் துப்பினாள் என்று யாரும் கேட்கவில்லை.

மானேஜர் மெட்ராஸிலிருந்து வந்த அன்றே விசாரணை. பழைய ஆள், முப்பது வருஷமாகப் பீங்கானில் இருந்தவர், குரலை உயர்த்தமாட்டார். மேஜைமேல் ரிஜிஸ்டர் திறந்து கிடந்தது. தெய்வநாயகம் பொய் எதுவும் சொல்லவில்லை. கணக்கு அவர் போட்டதுதான் என்று ஒத்துக்கொண்டார். லிட்டருக்கு 1760, அதை பைண்டுக்கு மாற்றினேன், அட்டவணை இதோ என்று புத்தகத்தை விரித்துக் காட்டினார். ஸ்லிப்பு தண்ணீராக ஆனதற்கு வேறு ஏதோ காரணம் இருக்கவேண்டும், கரைசலை இளக்கப் போடுகிற சிலிகேட்டை அதிகம் போட்டிருக்கலாம், அது அந்த ஆளுக்குத்தான் தெரியும் என்றார்.

சிலிகேட் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சுப்புராயனுக்கு உடம்பு சூடேறியது. அவன் அளவுக்கு மேல் ஒரு துளிகூடப் போட்டவன் இல்லை. அதுவரை வாசலோரம் நின்றவன் முன்னால் வந்தான். ஒரு ஜாடித் தண்ணீர் எடை போட அனுமதி கேட்டான்.

தராசை மேஜைக்கே கொண்டுவரச் சொன்னார் மானேஜர். சுப்புராயன் ஜாடியைத் துடைத்து, தண்ணீர் நிரப்பி, தகட்டால் வழித்து, கற்களை ஒவ்வொன்றாக வைத்தான். முள் நின்றதும் ஒதுங்கிக்கொண்டான். மானேஜர் குனிந்து கற்களைக் கூட்டிப் பார்த்தார். புத்தகத்தின் முதல் பக்கத்தைப் புரட்டி அச்சடித்த ஊரைப் படித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது அமெரிக்காக்காரன் புஸ்தகம். அவன் பைண்ட்டு சின்னது. நம்ம ஜாடி லண்டன் பைண்ட்டு. இதுல ஆயிரம் கிராம் நிக்கணும்."

தெய்வநாயகம் முகம் கறுத்தது. இருவரும் இங்கிலீஷில் ஏதோ பேசிக்கொண்டார்கள். மானேஜர் பேசியது கொஞ்சம், அவர் தலையாட்டியது அதிகம். சுப்புராயனுக்கு அந்தப் பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவேண்டும் என்றும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மேஜைக்கு முன்னால் அவன் ஜெயித்திருந்தான். கதவுக்கு வெளியே கனி நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் சிரித்தான்.

மானேஜர் அவன் பக்கம் திரும்பினார்.

"கெட்டிக்காரன்தான்யா நீ. இந்தத் தண்ணி எடையை எப்பக் கண்டுபுடிச்ச?"

"அன்னைக்கே தெரியுங்க" என்றான் சுப்புராயன். "மொத நாளு சாயங்காலமே எடை போட்டுப் பாத்துட்டேங்க."

மானேஜர் ரிஜிஸ்டரை அவன் பக்கமாகத் தள்ளினார். இரண்டாம் நாள் கையெழுத்தில் ஒரு விரலை வைத்தார். மூன்றாம் நாளில் இன்னொரு விரல்.

"அப்ப இதெல்லாம் என்னா?"

ஒரு கிலோ வரவேண்டும் என்று தான் முதலிலேயே சொன்னதாகச் சுப்புராயன் சொன்னான். சொன்னான் என்று கெமிஸ்டும் ஒத்துக்கொண்டார். காரணம் சொல்லவில்லை, தண்ணீர் விஷயம் வாயே திறக்கவில்லை, சொல்லியிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன் என்றார். நிறுத்தியிருப்பாரோ என்னவோ. அதைச் சுப்புராயன் இனி எந்தத் தராசில் போட்டுப் பார்ப்பது?

"அவருக்குத் தெரியல, தப்புப் பண்ணிட்டாரு. தெரியாம பண்ணவனுக்குச் சொல்லிக்குடுக்கலாம்" என்றார் மானேஜர். "நீ தெரிஞ்சு எழுதியிருக்க. ஒரு வாட்டி இல்ல, ரெண்டு வாட்டி. அறுபது தொட்டி உடைஞ்சு போவுதுன்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டிருக்க."

லிஸ்டுக்குப் பயந்துதான் எழுதினேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அந்த லிஸ்டை எழுதுகிறவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நின்றுகொண்டே அதைச் சொல்கிற வழி அவனுக்குத் தெரியவில்லை. போகலாம் என்றார்கள். வெளியே கனி இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஒரு டீ சொன்னார். சுப்புராயன் வேண்டாம் என்றான்.

மறுநாள் கரும்பலகையில் புதுக் கணக்கு இருந்தது. தெய்வநாயகத்தின் கையெழுத்து, கீழே இரண்டு கோடு. பைண்ட் ஜாடி, 1000 கிராம். கொட்டகைக்கு வேறு ஆள் போடும்வரை நீயே பார்த்துக்கொள் என்று சுப்புராயனிடம் சொல்லிவிட்டுப் போனார். குரலில் கோபம்கூட இல்லை. அவர் கோபித்துக்கொண்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பங்குனி முதல் வாரத்தில் லிஸ்டை ஆபீஸ் வாசல் பலகையில் ஒட்டினார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் கூட்டம் மொய்த்துக்கொண்டது. படிக்கத் தெரிந்த ஒன்றிரண்டு பேர் ஒரு பார்வை பார்த்துவிட்டு விலகிப் போனார்கள். மற்றவர்கள் பலகையைப் பார்ப்பதும் ஒருவரையொருவர் பார்ப்பதுமாக நின்றார்கள். சுப்புராயனைக் கண்டதும் வழிவிட்டார்கள்.

"படிங்கண்ணே" என்றாள் திரௌபதி. "நெஞ்சு அடிச்சிக்குது. சுருக்கா படிங்க."

அவனுக்குச் சுருக்காகப் படிக்க வராது. நன்றாகப் படித்தவன் என்றால் ஒரே வீச்சில் பத்துப் பேரையும் பார்த்து, தன் பேர் இல்லை என்று அந்த நிமிஷமே தெரிந்துகொண்டு போயிருப்பான். சுப்புராயன் விரலைக் காகிதத்தில் வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினான். முதல் பேர் விருத்தகிரி. பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. இரண்டாவது பெரியம்மாள். நாலாவதாகத் திரௌபதியின் பேரைப் படித்தபோது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐந்தாவதை முடித்து ஆறாவது வரிக்கு விரல் இறங்கியது. 'ப' என்று இருந்தது. பழமலை. சூளைக்கு விறகு தள்ளுகிறவன். சுப்புராயன் அந்தப் பேரையும் முழுசாகச் சத்தம்போட்டுப் படித்தான்.

இன்னும் நாலு வரி இருந்தது. ஒருவேளை வரிசை மாறியிருக்கலாம். அவன் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் விரல் ஏழாவது வரிக்கு நகர்ந்தது. எட்டுக்கு நகர்ந்தது. கடைசி எழுத்து வரைக்கும் கூட்டி முடித்துவிட்டுத்தான் விரலை எடுத்தான்.

"உங்களுதுண்ணே?" என்றாள் திரௌபதி.

அவன் பதில் சொல்வதற்குள், தாமதமாக வந்த இன்னொருத்தி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, தனக்கும் ஒருதரம் படித்துச் சொல்லும்படி கேட்டாள். சுப்புராயன் முதல் வரியில் மறுபடியும் விரலை வைத்தான்.